தொட்ட காய்

எனக்குத் தாயக்கட்டை பிடிக்காது. பகடை உருட்டி ஆடுகிற எந்த ஆட்டமும் பிடிக்காது. தோற்றவன் "நம்ம கைராசி அப்படி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். ஜெயித்தவனோ, தானே யோசித்து ஆறு விழவைத்ததுபோலக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். யோசித்து ஆடும் ஆட்டத்தில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. தோற்றால் உங்கள் மூளைதான் தோற்றது, அதையும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியவில்லை, தோற்பது வேறு யாராவதாக இருக்கும்வரை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் எனக்கு வேலை. என் மனைவி அதே கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பலகையை விரிப்போம். வீட்டுக்காரரான கீழ்வீட்டு பாய் மூச்சு வாங்கப் படியேறி வருவார். வாணியம்பாடியிலிருந்து மனைவியின் அண்ணன் வருவார். நாங்கள் நாலே பேர்தான். ஒரு ஆட்டம் எதனால் நன்றாக இருக்கிறது என்பதில் நாலு பேருக்கும் நாலு கருத்து.

பாய்க்கு விதி முக்கியம். தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஆபீசில் கடிதம் டைப் அடித்தே ரிட்டயர் ஆனவர். புது ஆட்டம் எது வாங்கினாலும் விதிப்புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை படிப்பார், எந்த ஊரில் அச்சடித்தார்கள் என்பது உட்பட. யாராவது காயை ஒரு கட்டம் தள்ளி வைத்தால், "பேஜார் பண்ணாதீங்க தம்பி" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். என் மனைவிக்கு, தோற்றவர் நடுவில் எழுந்து போகவேண்டிய ஆட்டம் ஆகாது. "தோத்தவங்க சும்மா உக்காந்து இன்னா பண்ணுவாங்க? டீ போடுவாங்க. ஆனா இந்த வீட்டுல யாரு தோத்தாலும் டீ போடுறது நான்தான்" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் நாங்கள் அதைப் பற்றி மேற்கொண்டு பேசுவதில்லை.

என் கருத்து, ஆட்டத்தில் மறைவு வேண்டும் என்பது. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. கையில் ஒன்றுமே இல்லாதபோது எல்லாம் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனியில் மேனேஜர் முன்னால் தினமும் செய்வதுதான், ஆனால் இங்கே சந்தோஷமாகச் செய்யலாம். அப்படி ஒரு ஆட்டத்தைத்தான் எங்கள் கூடத்தில் வழக்கமாக்கினேன். ஒரு தடவைக்கு இரண்டு பேர் ஆடுவோம், ஆளுக்குப் பன்னிரண்டு காய். எல்லாம் கவிழ்த்து வைத்திருக்கும். பத்துக் காய்களின் அடியில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள். மிச்சத்தில் ஒன்று கோட்டை, ஒன்று பொறி. இவை இரண்டும் நகராது. உங்கள் காயை என் காய்மேல் மோதினால் இரண்டையும் திருப்பிப் பார்ப்போம், சின்ன எண் வெளியே போகும். பொறிமேல் மோதினால் எவ்வளவு பெரிய காயும் செத்தது. கோட்டையைப் பிடித்தவர் ஜெயித்தார். பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

மச்சானுடைய கருத்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் கேட்க அவகாசம் கிடைக்கவில்லை.

அதற்கு நான்தான் காரணம். கடையில் வாங்கிய அட்டைக் காய்கள் ஒருநாள் டீ கொட்டி ஊறிப்போயின. கட்டிங்கில் மிஞ்சிய தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, வட்ட அச்சு வைத்து, பழுப்பில் பன்னிரண்டு, கறுப்பில் பன்னிரண்டு என்று வெட்டி வந்தேன். எண்களை உள்பக்கம் எழுதினேன். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் எந்தப் பக்கம் எழுதுவது என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பான். தோலின் வழவழப்பான மேல்பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பது எங்கள் கையில் ஊறிவிட்டது. எல்லோரும் தடவிப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார்கள். மச்சான்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

அவர் ஒரு டேனரியில் செலக்டர். பதனிட்ட தோல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம் என்று பிரித்துப் போடுவதுதான் வேலை. உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, கழுத்துப்பக்கச் சுருக்கம் எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்துநாலு காயின் முதுகும் அவருக்கு மனப்பாடம். நான் முகத்தை எவ்வளவு கல்லாக வைத்திருந்தாலும், நேராக என் கோட்டைக்கு வந்து நிற்பார். பெண் கொடுத்த வீட்டுக்காரர் அல்லவா, மரியாதை மட்டும் குறையாது. "மன்னிச்சுக்குங்க மாப்ள, கோட்டையை எடுத்துக்குறேன்" என்று சொல்லித்தான் எடுப்பார்.

இரண்டு மாதம் கழித்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "அண்ணா, உனக்குக் காய் தெரியுது" என்றாள். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "இது உண்ணி கடிச்சது, உங்க எட்டு. இது வயித்துப்பக்கம், தளதளன்னு இருக்கும், மூணு. இது மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு, பொறி. இம்மாம் பெரிய தழும்பைக்கூட வச்சு வெட்டியிருக்கீங்களே மாப்ள, கம்பெனியிலயும் இப்படித்தான் வெட்டுறீங்களா?" என்றார். பாய் விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். தோலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

காய்களுக்கு ஷூ பாலிஷ் போட்டுப் பார்த்தோம். ஒரே வாரம்தான் தாங்கியது. மறுபடி அட்டைக்கே மாறியிருக்கலாம். ஆனால் மாறினால் நான் தோற்றதாகிவிடும் என்று தோன்றியது. தோற்றுக்கொண்டுதான் இருந்தேன் என்பது வேறு விஷயம். என் காய் முழுக்கத் தெரிந்தவரோடு ஆட வேறு மாதிரி யோசிக்கவேண்டியிருந்தது. பொறி எது என்று பாய்க்கே தெரியும் என்பதால் அதை ஒரு சுவர்போல வைத்து ஆடப் பழகினேன். மறைவுதான் ஆட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், மறைக்க ஒன்றுமில்லாமல் ஆடியபோதுதான் உருப்படியாக ஆடினேன். ஆனாலும் ஜெயிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவரை ஜெயிக்க வேண்டும் என்பது வேண்டுதலாகவே ஆகிவிட்டது.

இந்த வருஷம் அது பலித்தது. மச்சானுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. மோதுவதற்கு முன்னால் கையை நீட்டி என் காயின் முதுகைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். பிறகு கையை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் தடவுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. "தொட்டா ஆடணும் மச்சான். இன்னா பாய், சொல்லுங்க" என்றேன். பாய் பக்கத்தைப் புரட்டி, "தொட்ட காய் தொட்டதுதான். ரூல்னா ரூல்" என்று தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு மச்சான் எதைத் தொட்டாலும் அதன்மேல் மோதியே ஆக வேண்டியிருந்தது. அந்த ஞாயிறு நான் ஜெயித்தேன். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் ஜெயித்தேன்.

கேன்டீனில் நான் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். நடுக்கட்டங்களை எப்படி விட்டுக்கொடுப்பது, எதிராளியின் பொறுமையை எப்படிக் கரைப்பது என்று, கேட்காதவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினேன். மூன்றாவது ஞாயிறு மனைவி சமையலறைக்குக் கூப்பிட்டு, "அண்ணனுக்குக் கண்ணு சரியில்லைன்னு தோணுது. முதுகுவலின்னு சொல்லி பைக்கை விட்டுட்டு பஸ்ல வருது. நிஜமா முதுகுவலியா?" என்றாள். "நான் நல்லா ஆடுறேன்னு ஒத்துக்க உனக்கு மனசு வரல" என்றேன். அவள் டீத்தம்ளர்களை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

நாலாவது ஞாயிறு மச்சான் தன்னுடைய பத்தாம் எண் காயை எடுத்தார். இருப்பதிலேயே பெரிய காய் அது. இந்தத் தடவை எதையும் தடவவில்லை. விதிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்திருந்தார். நேராகக் கொண்டுவந்து தழும்புள்ள என் பொறிமேல் மோதினார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மச்சானும் கூடவே சிரித்தார், ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரிந்ததும் நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

மனைவி பலகையை அப்படியே கலைத்துவிட்டாள். "அண்ணா, எத்தினி நாளா?" என்றாள்.

முதலில் மழுப்பினார். வெளிச்சம் கம்மி என்றார், பிரியாணி ஜாஸ்தியாகிவிட்டது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எட்டு மாதமாகப் பார்வை மங்கல். டேனரியில் யாருக்கும் தெரியாது. தோலைக் கையால் தடவிப் பார்த்தே ஓட்டுகிறார். சந்தேகமாக இருப்பதையெல்லாம் இரண்டாம் ரகத்தில் போட்டுவிடுகிறார். கொஞ்ச நாளாக எல்லாமே சந்தேகமாக இருக்கிறது. "டாக்டர்கிட்ட போனா லீவு கேட்கணும், எதுக்குன்னு கேப்பாங்க. கண்ணு போச்சுன்னா நான் செலக்டரா? கேட்ல உக்கார வைப்பாங்க" என்றார்.

வேலூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று. கூட வருவதாக மனைவி சொன்னாள். "நீ வேணாம். மாப்ள வரட்டும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "உங்களுக்கு எப்போ தெரியும் மாப்ள?"

"ரெண்டாவது வாரமே லேசா ஒரு சந்தேகம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன், வரவில்லை. "ஜெயிச்சுட்டு இருந்தேன்ல" என்றேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்று என் தொடையில் தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எழுத்து அட்டை மாட்டிய அறையிலேயே வரிசையாக உட்காரவைத்தார்கள். எங்களுக்கு முன்னால் மூன்று பேர். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துகளைப் படித்தார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய உட்கார்ந்திருந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துத் தொந்தரவு செய்யவில்லை.

அவர் முறை வந்தது. பரிசோதிக்கும் பெண் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னாள். பெரிய எழுத்தில் ஆரம்பித்து, பொடிசான கடைசி வரிவரை மச்சான் நிறுத்தாமல் படித்தார். மறு கண்ணுக்கும் அதேபோலப் படித்தார். "பார்வை நல்லாத்தான் இருக்கு சார்" என்று அவள் தாளில் எழுதத் தொடங்கினாள். மச்சான் என் பக்கமாகத் திரும்பிச் சிரித்தார். கோட்டையை எடுத்துக்கொள்ளும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. ஏன் தங்கையை வேண்டாம் என்று என்னைக் கூட்டிவந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் மூன்று பேர் படித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார்; அவள் முன்னால் இது நடக்காது. என்னை ஏமாற்றுவது அவருக்குப் பழக்கமான வேலை.

சும்மா இருந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பி, டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னார் என்று சொல்லியிருப்போம். அவர் வேலையும் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

"வரிசையா கேக்காதீங்கம்மா. நடுவுல ஏதாவது ஒரு எழுத்துமேல குச்சியை வச்சுக் கேளுங்க" என்றேன்.

"மாப்ள" என்றார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் மூன்றாவது வரியில் ஒரு எழுத்தின்மேல் குச்சியை வைத்தாள். பெரிய எழுத்துதான், எனக்கு நாற்காலிக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. மச்சான் கழுத்தை நீட்டினார், கண்ணைச் சுருக்கினார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எழுத்தை நானே சொல்லிக்கொடுத்துவிடலாமா என்றிருந்தது.

"தெரியல" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஏங்கி, கடைசியில் அவர் ஆட்டத்தை உடைத்தது இங்கேதான். எனக்கு அழுகைதான் வந்தது.

அவள் டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தாள். "புரை மாதிரி இருக்கு சார். டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"பழையபடி தெரியுமா? சின்னச் சின்னப் புள்ளியெல்லாம்?"

"பெரும்பாலும் தெரியும் சார். பயப்படாதீங்க" என்று சொல்லி, தாளில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, எதிரே இருந்த அறையைக் கை காட்டினாள்.

அவள் கை காட்டிய இடம் அவருக்குத் தெரியவில்லை. பஸ் ஏறும்போதும் படி இறங்கும்போதும் என்னை ஒதுக்கிவிட்டுத் தானாகவே நடந்து வந்தவர், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, நான் நிற்காத பக்கமாகக் கையை நீட்டினார். நான் அந்தப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டேன்.