எண்ணெய் மேல் போட்ட பழி

கல்முனையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்த்துச் சரியாக்கிவிடுவான் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் கூடப்பிறந்த ராத்தாவுக்கு அநியாயம் செய்தேன்.

ராத்தாவின் கணவர், என் மச்சான், கத்தார் வேலை முடிந்து வந்தபோது ஒரு சின்ன ரயில் கொண்டுவந்தார். பொம்மை என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். மட்டக்களப்போடு ரயில் பாதை முடிந்துவிடுகிற எங்கள் பக்கத்தில், சாய்ந்தமருது வீடொன்றின் முன்னறைப் பலகையில் ரயில் ஓடியது. தண்டவாளம் வழியாகவே மின்சாரமும் கட்டளையும் போகும். எஞ்சினுக்குள் இருக்கும் நகமளவு கார்ட் கட்டளையைப் படித்து மோட்டரை ஓட்டும்.

ஒருநாள் எஞ்சின் விக்கி விக்கி ஓடத் தொடங்கியது. இரண்டடி போகும், நிற்கும், விளக்கு மினுங்கும். மச்சான் அதைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

இப்படியான பழுதுக்கு முதலில் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை எங்கே? மோட்டர் நல்லதா என்று பார்க்க, கார்டின் வயர்களைக் கழற்றாமலே பன்னிரண்டு வோல்ட்டை நேரே கொடுத்தேன். மோட்டர் சுற்றியது. கார்டிலிருந்து மெல்லிய புகையும் வந்தது. வயரைப் பிடுங்குவதற்குள் கார்ட் கருகிவிட்டது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்டவாளத்தை விரலால் தொட்டேன். வழுவழுவென்று எண்ணெய். கடற்காற்றில் துருப்பிடித்துவிடும் என்று தையல் மெஷின், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் பூசுவது எங்கள் வீட்டுப் பழக்கம். பெருநாளுக்கு வீட்டைத் துப்புரவாக்கிய ராத்தா தண்டவாளத்துக்கும் பூசியிருக்கிறாள். மின்சாரம் ஒழுங்காகப் போகாததற்கு அதுதான் காரணம். துடைத்திருந்தால் ஓடியிருக்கும்.

"என்ன மச்சான், என்ன பிழை?" என்று மச்சான் என்னைக் கேட்டார்.

"எண்ணெய் பட்டு கார்ட் எரிஞ்சிட்டு மச்சான்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ராத்தாவைப் பார்த்து, "இனி இந்த அறைக்குள்ள வராத" என்றார், அவ்வளவுதான். அது வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு.

வெளிநாட்டிலிருந்து புதுக் கார்ட் வந்தது. நானே பொருத்தினேன், ரயில் பழையபடி ஓடியது. ராத்தா மட்டும் அறை வாசலில் நின்றே எங்களுக்குத் தேநீரை நீட்டினாள். போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். வெட்கங்கெட்ட பிறவி.

போன மாதம் ராத்தாவும் மச்சானும் மக்காவுக்கு உம்றா செய்யப் புறப்பட்டார்கள். போகுமுன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்கும் வந்தார்கள்.

"தம்பி, தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிக்க" என்றாள் ராத்தா. "அந்த ரயிலுக்கு எண்ணெயப் பூசி உன்னையும் எத்தின நாள் மினக்கெடுத்திட்டன்."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. மச்சானும் பக்கத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் ஒண்டுமில்ல ராத்தா, மன்னிச்சிட்டன்" என்றேன்.

அவள் என் தலையைத் தடவினாள். "அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் மனசு லேசாகிச்சி" என்றாள்.