கானான் நகரும் கைப்பிடி அரிசியும்

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை ஏழே கால். தொண்ணூற்றிரண்டாம் வருடம், மே மாதத்துத் திங்கட்கிழமை. முந்தின நாள் காலை சபையில் ஆராதனை நடத்திவிட்டு, மாலையில் கோவில்பட்டியில் ரயில் ஏறியவன், ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தே வந்தேன். டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். ஒரு நிமிஷம்கூடக் கண் மூடவில்லை.

நான் ஒரு உபதேசியார். கரிசல்காட்டில் முப்பது வீட்டுச் சபை ஒன்றில் பதினோரு வருடமாக ஊழியம். போதகர் மாதம் ஒரு முறை வந்து போவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், பிள்ளைகளுக்கு வகுப்பு, சாவு வீட்டு ஜெபம் எல்லாம் என் தலையில்தான். மாதச் சம்பளம் அறுநூறு ரூபாய். இந்தப் பயணத்தில் என் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் மடித்து வைத்திருந்தேன். தேதி மட்டும் போடவில்லை. சேலையூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், ஒரு வேலை தருவதாக எழுதியிருந்தார். சரிப்பட்டால் தேதியைப் போட்டு இங்கேயே தபாலில் சேர்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று நானும் என் மனைவி புஷ்பமும் பேசி முடித்திருந்தோம். இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் ரேச்சல் பத்தாவது எழுதியிருக்கிறாள். இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

ஸ்டேஷனிலிருந்து அக்கா வீடு மூன்று கிலோமீட்டர். சேலையூர் கேம்ப் ரோடு என்றதும் ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கேட்டார்.

"மூணு கிலோமீட்டருக்கா?"

"வெயிலு இப்பவே இன்னா போடு போடுது பாரு சார். ஆமா, வெள்ளையும் சொள்ளையுமா கீறியே, கட்சியா?"

"இல்லப்பா. கோயில் ஊழியம். உபதேசியார்."

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அப்பிடியா? சரி குந்து. பதினஞ்சு குடு, போதும்."

வேட்டி சட்டைக்கு ஐந்து ரூபாய் தள்ளுபடி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்.

அக்கா பெயர் ரூத். பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்தப் பக்கம் வந்தவள். அத்தான் அப்போது ஒரு ஆபீசில் குமாஸ்தா. ஐந்து வருடமாக மனை விற்கிறார். இப்போது மாடி வீடு, மொசைக் தரை, சமையலுக்கு ஆள். முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட வசனம் ஒன்று தொங்கியது. பூமியில் அல்ல, பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கச் சொல்லும் வசனம். அதை வைத்து நானே நாற்பது பிரசங்கமாவது செய்திருப்பேன். அதற்கு நேர் கீழே அத்தானின் மனைகளை வண்ணத்தில் அச்சிட்ட காலண்டர்.

காபி கொடுத்துவிட்டு அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"ஏல தம்பி, ஒரு உதவி செய்வியா? நாளைக்குள்ள கைப்பிடி அரிசி சேர்த்து ஒப்படைக்கணும். எல்லா வீட்டு அரிசியும் வந்தாச்சு. பொழிச்சலூர் எஸ்தர் வீடு மட்டும் பாக்கி. அவளுக்கு இன்னைக்குத்தான் லீவு. என்னால பஸ் ஏற முடியல."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சபைகளில் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் பெண்கள் சங்கத்தில் எல்லா டப்பாவும் ஒரே சாக்கில் கொட்டப்படும். அது ஊழியத்துக்கு. அக்கா அந்தச் சங்கத்துக்குச் செயலாளர். இவர்கள் சேர்க்கும் அரிசி வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு உபதேசியார் குடும்பத்துக்குப் போகிறதாம்.

எனக்கு இந்த அரிசியை நன்றாகத் தெரியும். பதினோரு வருடமாக என் வீட்டு உலையில் வேகிறது இதுதான். எங்கள் ஊர்ச் சபையார் சம்பளத்தோடு கொடுப்பது கைப்பிடி அரிசி. ரேஷன் அரிசி, புழுங்கல், பச்சை, குருணை எல்லாம் ஒரே சாக்கில் கலந்து வரும். ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்து நிற்கும். "இன்னைக்கு எத்தனை வீட்டுச் சோறும்மா?" என்று ரேச்சல் கேட்பாள். நான் சிரித்ததில்லை. பல நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன்.

அக்கா தன் டப்பாவையும் சாக்கில் கொட்டச் சொன்னாள். கொட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதம் முழுக்கச் சேர்ந்த டப்பாவில் அடியில் பழசும் மேலே புதுசும் இருக்கும். வண்டு இரண்டாவது நெளியும். ஒரு வீட்டுப் பிடி மூன்று கிலோவுக்கு மேல் வராது. இது ஐந்து கிலோ, ஒரே நிறத்தில் புதுப் பொன்னி. கடையில் வாங்கி ஒரே மூச்சில் கொட்டியது. டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு அத்தான் ஸ்கூட்டரில் மாடம்பாக்கம் கூட்டிப் போனார். நாலு கிலோமீட்டர் இருக்கும். சிவன் கோயிலைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி உள்ளே திரும்பினால் ஒரு சிமெண்ட் வளைவு. அதில் 'கானான் நகர்' என்று நீலத்தில் எழுதியிருந்தது. வேதத்தில் கடவுள் தம் ஜனங்களுக்கு வாக்களித்த தேசத்தின் பெயர் அது. உள்ளே மரமே இல்லை. சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசை வரிசையாக நின்றன. அறுபத்திரண்டு மனை, கிரவுண்டு நாற்பத்தைந்தாயிரம்.

"மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு தர்றேன். அஞ்சு வருஷம் இருந்தா ஒரு கிரவுண்டு உன் பேருக்கு எழுதித் தர்றேன்" என்றார் அத்தான். "வாங்க வர்றது முக்காவாசி நம்ம சபை ஜனங்க. டீச்சருங்க, ஆபீஸ் போறவங்க. சொந்த வீடு கட்டணும்னு ஆசை. அவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டணும், அவ்வளவுதான். பேண்ட் கீண்ட் தைக்காதே. இந்த வேட்டி சட்டையிலேயே வா. நீ சொன்னா நம்புவாங்க."

ஏரிப் பக்கத்து மூலையில் நாலைந்து மனை மற்றதைவிடப் பள்ளமாகத் தெரிந்தது. "மழைக்குத் தண்ணி நிக்குமா அத்தான்?" என்று கேட்டேன்.

"ஐப்பசியில கொஞ்சம் நிக்கும். மண்ணு அடிச்சா சரியாப் போயிரும். உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. கேட்டா சொல்லு. கேக்கலேன்னா நீயா எதுக்கு இழுக்கணும்?"

அத்தான் கெட்டவர் இல்லை. பத்திரம் பதியுமுன் ஜெபம் செய்கிறவர்; வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கும் தசமபாகம் தவறாதவர். எனக்கும் அந்த நேரத்தில் தண்ணீரைவிட இரண்டாயிரத்து ஐந்நூறுதான் கண் முன்னால் நின்றது. ரேச்சலைப் பதினொன்றில் சேர்ப்பது, புஷ்பத்துக்குக் கண்ணாடி மாற்றுவது என்று கல்லுக்குக் கல் நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். மதியம் அக்கா வீட்டில் பொன்னிச் சோறு. பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கடிதத்தில் தேதி போட அக்காவிடம் பேனாகூடக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்ததால் மூன்று மணிக்கே கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கு மின்சார ரயில், அங்கிருந்து பம்மல் வழியாகப் பொழிச்சலூருக்கு நாலு கிலோமீட்டர் பஸ். நிற்க மட்டும் இடம். வியர்வையில் கடிதம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இறங்கியதும், பக்கத்து விமான நிலையத்துக்குப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே மிகத் தாழ்வாகப் போனதில் நான் குனிந்துவிட்டேன். தெருவில் வேறு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எஸ்தருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பம்மலில் தோல் கம்பெனியில் கையுறை தைக்கிறாள். கல்நார் கூரை போட்ட ஒற்றை அறை. அவள், மாமியார், ஒரு பெண் குழந்தை. புருஷன் இல்லை.

"செயலாளரம்மா தம்பியா? உள்ள வா சார். கடையாண்ட போயி டீ வாங்கியாரேன்" என்று டம்ளரோடு ஓடினாள்.

அவள் வருவதற்குள், மாமியார் கைகாட்டிய மூலையில் இருந்த பால் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். ஒரு காகிதத்தை விரித்து மெதுவாகச் சரித்தேன். மேலே ஒரு விரல் உயரத்துக்கு நல்ல புழுங்கல் அரிசி. அதன் கீழே வெறும் நொய், எங்கள் ஊர்க் குருணை. அடியில் ரேஷன் அரிசி. அவளுடைய மாதம் எனக்குப் புரிந்தது. முதலில் ரேஷன், அது தீர்ந்ததும் நொய், நாலு நாளைக்கு முன்னால்தான் தையல் கூலி வந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு வேண்டியதில்லை. என் வீட்டுச் சாக்கும் அப்படித்தான். ஆனால் அந்த நொய், ஒரு வீட்டில் நொய்யைத் தவிர வேறு எதுவும் இல்லாத நாளில் எடுத்து வைத்தது என்று இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

டீயை வைத்த எஸ்தர் காகிதத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டாள். "நொய்யி கலந்தா கொழஞ்சிப்பூடுமே சார். சல்லடையில போட்டுத் தனியா கட்டித் தரட்டா?"

"வேண்டாம்மா. நொய் வாங்கின நாள்ல மட்டும் விட்டிருக்கலாமே. யாரு கேக்கப் போறா?"

"அதெப்பிடி சார் உடறது?" என்றாள். "எங்கியோ ஒரு உபதேசியார் வூடாம். புள்ளைங்கல்லாம் கீதாம். அதுங்க அன்னிக்கும் துண்ணணும் இல்ல?"

என் வீடும் அப்படி ஒரு வீடுதான் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. தள்ளிவிட்டு எழுந்த தட்டுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நாற்பது பிரசங்கம் செய்தவனுக்கு அந்தப் பொக்கிஷம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பொழிச்சலூரில் ஒரு பால் டப்பாவில் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, வழக்கப்படி அவளுக்காக ஜெபம் செய்ய வேண்டியவன், என்னை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளும்படி அவளிடம் கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆறரை மணிக்குச் சேலையூர் சேர்ந்தபோது கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அக்கா எஸ்தரின் அரிசியை முறத்தில் கொட்டினாள். நொய்யை விரலால் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தாள்.

"என் டப்பாவைப் பார்த்தேல்லா?"

"பார்த்தேன்க்கா."

"சமையலுக்கு ஆள் வச்ச பிறகு என் கை அரிசியிலயே படல. மாசக் கடைசியில கடையில வாங்கிக் கொட்டிருதேன். குறைச்சுக் கொட்டல, ரெண்டு மடங்குதான் கொட்டுதேன்." அப்புறம் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ இங்க வந்துட்டா எனக்குத் துணையா இருக்கும்ல. ஆனா இந்த நொய்யப் பார்த்த பிறகு வான்னு சொல்ல நாக்கு எழும்பல."

மறுநாள் காலை அத்தானிடம் பேசினேன். "அந்த மூலை மனையைப் பத்தி அவங்க கேக்காமலேயே சொல்லிருவேன் அத்தான். உங்களுக்குத்தான் நஷ்டம். என்னை விட்டிருங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "உனக்குப் பொழைக்கத் தெரியலடா" என்று மட்டும் சொன்னார். மாலையில் ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரில் அவரே கொண்டுவந்து விட்டார். ரயிலில் சாப்பிட வாழைப்பழமும் வாங்கித் தந்தார். வேலையை விட்டுக்கொடுத்தவனுக்கு மனம் லேசாக இருக்கும் என்று நானே பிரசங்கித்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை. வழியெல்லாம் புஷ்பத்திடம் என்ன சொல்வது என்ற ஒரே யோசனை. அந்த இரவும் தூங்கவில்லை.

புதன் காலை கோவில்பட்டி. அங்கிருந்து பஸ், இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. புஷ்பம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"உங்க அத்தான் என்ன சொன்னாவ?"

"வரச் சொன்னாங்க. நான் வரலைன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

தோன்றியது, கேட்கப் பயமாக இருந்தது என்றேன். அவள் உள்ளே போனாள். பாத்திரங்கள் சத்தம் போட்டன. கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. பின்னாலேயே அடுப்படிக்குப் போய் நிலைப்படியில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் அவள் உலை வைக்கும் நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

அவள் சாக்கிலிருந்து அரிசியை அளந்து பானையில் போட்டாள். பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அலமாரியில் இருந்த தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

"அது என்ன?"

"கைப்பிடி."

"நமக்கு வந்த கைப்பிடி அரிசியிலயா?"

"பின்ன? வேற அரிசி வீட்டுல எங்க இருக்கு?"

"மாசக் கடைசியில என்ன செய்வ?"

"சங்கத்துச் சாக்குல கொட்டுவேன்."

"அந்தச் சாக்கு நம்ம வீட்டுக்குத்தானே திரும்பி வருது?"

"வந்தா வரட்டும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. "அதுக்காகக் கொடுக்காம இருக்க முடியுமா?"

மத்தியானம் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையிலிருந்த கடிதத்தை விரித்துப் படித்தாள். கிழிக்கவில்லை, ஜன்னல் கட்டையில் வைத்து மேலே ஒரு கல்லையும் வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். சோறு வழக்கம்போலப் பாதி குழைந்து, பாதி விறைத்திருந்தது. ரேச்சல் முகத்தைச் சுளித்தாள். நான் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். புஷ்பம் கரண்டியைப் பிடித்தபடி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, போட்டாள்.