செத்தவன் ஓடலாமா

திரையரங்கில் டார்ச் அடிப்பவர் முதல் முதலாளி வரை எல்லோரும் அவளை டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆன்லைனில் டிக்கெட் விற்க ஆரம்பித்த பிறகு கவுண்டரில் கூட்டம் குறைந்தது, வேலை குறையவில்லை. டிக்கெட் வாங்க வராதவர்களும் படம் பிடிக்காமல் போனால் அவளைத் தேடி வந்தார்கள். ஏசி குளிரவில்லையா, அவளிடம் சொல். கதாநாயகன் செத்துப்போனானா, அதையும் அவளிடம் சொல்.

இத்தனைக்கும் அவள் படம் பார்ப்பவளே இல்லை. கவுண்டருக்குப் பின்னால் அரங்கின் சுவர். எல்லாப் படங்களையும் அந்தச் சுவர் வழியாகக் காதால் கேட்டதோடு சரி.

அப்படி இருக்கையில்தான் அந்த ஜாம்பி படம் வந்து சேர்ந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது வந்து ஊரையே நடுங்க வைத்த பழைய படம். மலைமேல் ஒரு ஆஸ்பத்திரி, உள்ளே கொஞ்சம் பேர் உயிரோடு, வெளியே செத்தவர்கள் எழுந்து மலையேறி வருகிறார்கள். அதையே இப்போது புதிதாக எடுத்திருந்தார்கள். முதல் காட்சி முடிந்ததும் ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார்.

“ஏம்மா, செத்தவன் எப்படிம்மா ஓடுவான்? பழைய படத்துல தள்ளாடித் தள்ளாடித்தானே வருவான். இதுல பஸ்ஸைப் பிடிக்கப் போறவன் மாதிரி ஓடுறான். செத்தவனுக்கு என்ன அவசரம்?”

“தெரியலைங்க. எந்த ஷோ வேணும்?”

“ஷோ வேணாம். பார்த்துட்டுத்தான் வர்றேன். யார்கிட்டயாவது சொல்லணும்ல.”

அவருக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பெண்ணுக்கு நேர் எதிர்க் கருத்து. “ஓடினதாலதான் அக்கா உட்கார முடிஞ்சுது. பழைய படத்துல அதுங்க வந்து சேர்றதுக்குள்ள நாம துணி துவைச்சுக் காயப் போட்டுட்டு வந்துடலாம்.”

இது போதாதென்று முதலாளி திரையரங்கின் பெயரில் இணையத்தில் ஒரு கருத்துப் பக்கம் திறந்தார். யார் என்ன எழுதினாலும் மரியாதையாகப் பதில் போடும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ரத்தம் போதவில்லை என்றார் ஒருவர். ரத்தம் அதிகம், மனைவி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார் இன்னொருவர். பிணங்களுக்குப் பல் இவ்வளவு வெள்ளையாக இருக்குமா என்று ஒரு பல் டாக்டர் கேட்டிருந்தார். எல்லோருக்கும், ‘தங்கள் கருத்துக்கு நன்றி ஐயா’.

‘பழைய பிணம்’ என்ற பெயரில் எழுதியவர்தான் அவள் உயிரை வாங்கினார். தினமும் ஒரு முழ நீளத்துக்கு எழுதுவார். அவர் ஆதங்கமெல்லாம் ஒரே ஒரு காட்சியைப் பற்றியது. பழைய படத்தில் செத்துப்போன தாய் ஒருத்தி ஆஸ்பத்திரி கேட் வரை வருவாளாம். உள்ளே அவளுடைய மகன். கம்பிக்குள்ளே கையை விடுவாள், கடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் பதறும்போது, அவிழ்ந்து கிடந்த அவன் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம். அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டு எடுத்ததெல்லாம் ஒரு படமா என்று கேட்டிருந்தார். ஆமாம், நானும் அந்த இடத்தில் அழுதேன் என்று அதற்குக் கீழே கூட்டம் கூட்டமாக வந்து எழுதினார்கள்.

படிக்கும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. அந்தப் பட்டன் கதையை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனைப் பார்க்க வீட்டுக்கு வந்த அவனுடைய நண்பன், அப்பா முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லிக் கண் கலங்கினான். அதைப் பார்த்துத்தான், இவனுக்கு ஈர மனசு என்று அவள் கல்யாணத்துக்குச் சரி சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேராகக் கேட்டாள். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, பழைய பிணம் நீங்கதானா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நன்றி ஐயா, நன்றி ஐயான்னு உங்களுக்குப் பதில் போட்டுப் போட்டு என் விரல் தேஞ்சு போச்சு.”

“அது நீயா? ரொம்ப மரியாதையா இருந்துச்சே. வீட்ல நீ அப்படிப் பேசினதே இல்ல.”

“புதுப் படத்தைப் பார்த்தீங்களா, இல்லையா?”

“அதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?”

அவள் அடுப்படிக்குப் போனாள். விஷயம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். புதுப் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்திருந்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும், “படம் பிரமாதம். பழசு வெறும் இழுவை” என்றான்.

“ரசனை இருக்கிறவனுக்குத்தான் அது புரியும், மச்சான்.”

“கண்ணாடிக் கடையில வேலை பார்த்தாப் போதாது மாப்ள, கண்ணும் தெரியணும்.”

“அப்படின்னா கண் தெரியாதவன் வீட்டுக்கு எதுக்கு வர்றே?”

அண்ணன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு வரவில்லை.

அவர்களோடு இருந்த அவளுடைய அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாள்விட்டு நாள் நடைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகவேண்டும். நாற்காலியோடு தூக்கிப் படியிறக்க ஒரு பக்கம் மருமகன், மறு பக்கம் மகன், கீழே மகனின் வேன். இப்போது மகன் பக்கத்தை மகள் தூக்கினாள். கீழே போய் ஆட்டோவுக்கு நின்றாள். அண்ணனுக்குப் போன் போட்டால், “அவன் கூப்பிடட்டும், வர்றேன்” என்றான். கணவரோ, “அவன் மன்னிப்புக் கேக்கட்டும்” என்றார்.

“செத்தவன் ஓடினா என்ன, உருண்டா என்ன,” என்றாள் அவள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபடி. “என் இடுப்பு போகுது.”

அம்மா நாற்காலியில் இருந்தபடியே மருமகனைப் பார்த்துச் சொன்னாள்: “உங்க ரெண்டு பேருக்கும் பிணம்தான் முக்கியம். உசிரோட ஒருத்தி நடுப்படியில உட்கார்ந்திருக்கேன்.”

அவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் போன் செய்யவில்லை.

மறுநாள் அவள் முதலாளியின் அறைக்குப் போய், பழைய படத்தை ஒரு காலைக் காட்சி போடமுடியுமா என்று கேட்டாள். கருத்துப் பக்கத்தில் நடக்கும் சண்டையை வைத்துக் கூட்டம் வரும் என்று அவரும் கணக்குப் போட்டார். அழுதேன் அழுதேன் என்று எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. அண்ணன் வந்தான். கணவரும் வந்தார். இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். ரத்தம் என்றாலே அவளுக்கு ஆகாது. இருந்தாலும் இந்த விவகாரத்துக்கு ஒரு முடிவு தெரியாமல் கண்ணை மூடுவதில்லை என்று உறுதியாக இருந்தாள்.

பிணங்கள் தள்ளாடி மலையேறின. கேட்டுக்கு வந்தன. கணவர் அவள் கையைத் தட்டி, “இப்போ பாரு” என்றார். கேட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே புகுந்து வரிசையாகக் கடித்தன. தாயும் இல்லை, பட்டனும் இல்லை. படம் முடிந்து விளக்கு எரிந்தது.

“கட் பண்ணிட்டாங்க,” என்றார் கணவர்.

வெளியே வந்த ஆபரேட்டரைப் பிடித்துக் கேட்டார்கள். “முழுப் படம்தான் சார். ஒரு செகண்ட் குறையலை” என்றார் அவர்.

அண்ணன் பாப்கார்ன் மெஷின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“மாப்ள, அந்த சீன் படத்துல கிடையாது. நான் சொன்னது.”

“என்ன உளர்றே?”

“நாம பார்க்கப் போனப்போ நீ சட்டையைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டு சீட்டுக்கு அடியில உட்கார்ந்துட்டே. என்னடா நடக்குது, என்னடா நடக்குதுன்னு ஒரே நடுக்கம். நடந்ததைச் சொன்னா அங்கேயே உசிரை விட்டிருப்பே. உன் சட்டைப் பட்டன் ஒண்ணு அவுந்து கிடந்துச்சு. அதைப் பார்த்து ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சேன்.”

“இத்தனை வருஷமா ஏன்டா சொல்லலை?”

“எங்கப்பா முன்னால அதைச் சொல்லி அழுதே. அப்புறம் எந்த வாயால சொல்றது?”

கணவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கப் போகிறாரா, அழப் போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு வேறொன்று உறைத்துக்கொண்டிருந்தது.

“அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் கல்யாணத்துக்குச் சரி சொன்னேன்,” என்றாள். “அது இவன் கட்டின கதையா?”

அண்ணன் மறுபடியும் பாப்கார்ன் மெஷினைப் பார்த்தான். கணவர் படியில் இருந்தபடியே, “கதை அவனோடதா இருந்தாலும் அழுதது நான்தானே” என்றார். அவருடன் வாழ்ந்த இத்தனை காலத்தில் அவள் கேட்ட உருப்படியான விமர்சனம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அதையும் இணையத்தில் எழுதிவிடுவார்.

அன்று மதியம் அம்மாவின் நாற்காலியை அவர்கள் இருவரும் இறக்கினார்கள். திருப்பத்தில் யார் முன்னால் போவது என்று சண்டை போட்டார்கள். அம்மா, “முதல்ல என்னைக் கீழ வச்சிட்டு அப்புறம் பேசுங்க” என்றாள்.

கணவர் நேர்மையாளர். ‘மன்னிக்கவும், அப்படி ஒரு காட்சி பழைய படத்தில் இல்லை’ என்று கருத்துப் பக்கத்தில் எழுதினார். அழுதவர்கள் அத்தனை பேரும் கிளம்பி வந்தார்கள். நீங்கள் பார்த்தது வெட்டிய படம் என்றார்கள். ரசனை கெட்டவர் என்றார்கள். அந்தத் தாயின் புடவை நீலம், எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது என்று ஒருவர் சத்தியம் செய்தார். கணவர் போனை அவளிடம் நீட்டி, “இதுக்கு என்ன பதில் போடுறது?” என்று கேட்டார்.

“நன்றி ஐயான்னு போடுங்க,” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜாம்பியை எடுத்துவிட்டு ஒரு காதல் படம் போட்டார்கள். முதல் காட்சி விட்டதும் கண் சிவந்த ஒரு அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நேராகக் கவுண்டரை நோக்கி வந்தார். டிக்கெட் அக்கா ‘இடைவேளை’ அட்டையைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, டீ குடிக்கப் பின்வாசல் வழியாகப் போனாள்.