அருவிக்கு எதிரே மூன்று சனிக்கிழமைகள்

மூன்று சனிக்கிழமைகள் ஓர் அருவிக்கு எதிரே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தக் கம்பெனிக் கார் நம்பகமானது என்று கண்டுபிடித்த முட்டாள் நான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கண்டுபிடித்ததை நோட்டில் கட்டம் போட்டு எழுதி, கூட்டி, கீழே சிவப்பு மையில் இரண்டு கோடும் இழுத்தேன். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். தப்பாகக் கூட்டிய பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவன். என் கூட்டல் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்த நோட்டைப் புரட்டினாலும் ஓர் எண்கூடத் தப்பில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் புதுக் கார் வாங்குவது என்றால் மூன்றே விதம். எது வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். நடுவில் மனசு மாறினால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். மதுரையில் பதிவு எழுதிய குமாஸ்தாவிடம், "வண்டி எப்பங்க வரும்?" என்று கேட்டேன். "வர்றப்ப வரும்" என்றார், தலையை நிமிர்த்தாமல். அந்தத் தலையில் மைக்கூட்டைக் கவிழ்க்கத் தோன்றியது. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கோபம் எப்போதும் அப்படித்தான். படியிறங்கிய பிறகுதான் சூடு பிடிக்கும்.

மூன்று கார்களின் பெயரையும் எழுத மாட்டேன். உடையவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தன் வண்டிக்காகக் கூடப் பிறந்தவனையே அடிக்கத் தயார். குண்டு வண்டி, மூக்கு வண்டி, சப்பை வண்டி என்று வைத்துக்கொள்வோம்.

கார் எனக்காக இல்லை. என் மனைவிக்கு மலைப்பாதை பஸ் ஆகாது. அவள் பிறந்தது கீழே வத்தலக்குண்டில். பஸ் ஓடுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள். தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வளைவில் நிறுத்திவிட்டால் போச்சு. சூட்டு எண்ணெய் நாற்றத்தில் வாந்தி எடுத்து, அப்புறம் இரண்டு நாளைக்குப் படுக்கைதான். அவள் அம்மாவுக்குக் கால் முடங்கிவிட்டதால் மேலே வர முடியாது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டது நான்கே தடவை. பெரும்பாறையில் என் பங்குக்கு வந்த காப்பித் தோட்டத்தை விற்றுக் கார் வாங்கலாம் என்றபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்த வண்டின்னாலும் வாங்குங்க. வழியில நிக்கக் கூடாது."

அவள் அண்ணன் வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு குண்டு வண்டி இருந்தது.

"கண்ண மூடிக்கிட்டு குண்டு வண்டிக்கு எழுதிக் குடுங்க மாப்ளே" என்றார். "மூணு வருஷமா ஓட்டுறேன்."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை. "ஒருத்தர் ஓட்டுனா அது அனுபவம் மச்சான். நூறு வண்டியப் பாத்தாத்தான் அது கணக்கு."

"அப்ப நூறு வண்டி வாங்கப் போறீங்களா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரித்திருக்காவிட்டால் நானும் குண்டு வண்டிக்கே எழுதிக் கொடுத்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை நோட்டும் குடையுமாக வெள்ளி அருவிக்குப் போனேன். மலையேறி வருகிற எல்லா வண்டியும் ஊருக்குள் நுழையுமுன் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கேதான் டிரைவர்கள் பானட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். நிற்கிற வண்டி நோஞ்சான், நிற்காமல் போகிற வண்டி கெட்டி. இதைவிட எளிய கணக்கு ஐந்தாம் வகுப்பில்கூட இல்லை.

பக்கத்தில் பேத்துப்பாறைக்கார அம்மா ஒருவர் கூடையில் பிளம்ஸ் பழம் விற்றுக்கொண்டிருந்தார். என் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைச் சர்க்கார் ஆள் என்றே முடிவுகட்டி, நிற்கிற டிரைவர்களை எல்லாம் எச்சரித்தார். "சார் எழுதுறாங்கப்பா. வெரசா ஊத்திட்டுக் கெளம்புங்க." இரண்டாவது சனிக்கிழமை மழை, குடை எனக்கா நோட்டுக்கா என்ற போட்டியில் நோட்டு ஜெயித்தது. மூன்றாவது சனிக்கிழமை தும்மிக்கொண்டே எண்ணினேன்.

முடிவு: நின்ற குண்டு வண்டி முப்பத்தொன்று. மூக்கு வண்டி பன்னிரண்டு. சப்பை வண்டி பதினேழு வந்தது; ஒன்றுகூட நிற்கவில்லை. சப்பை வண்டிக்கு எழுதிக் கொடுத்தேன்.

"அண்ணன் சொன்னதக் கேட்டுருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"ஒங்கண்ணன் வாழைக்காயத்தான் எண்ணுவாரு. நான் வண்டிய எண்ணிப் பாத்தவன்."

இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதும் உப்பு தீர்ந்துவிட்டது என்பதை மட்டும்தான்.

ஐந்து வருஷம் காத்திருந்தோம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மச்சான் குண்டு வண்டியில் ஏறி வந்து, கேக்கைத் தின்றுகொண்டே, "கணக்கு வந்துருச்சா மாப்ளே?" என்பார். அவர் கையிலிருந்து கேக்கைப் பிடுங்கலாமா என்றிருக்கும். இன்னொரு துண்டு வைப்பேன். அந்த ஐந்து வருஷத்தில் என் மனைவி இரண்டு தடவை பஸ்ஸில் அம்மாவைப் பார்க்கப் போனாள். இரண்டாம் தடவை போய்ச் சேர்ந்ததும் எழுந்திருக்கவே முடியவில்லை. "அம்மா ஒரு கட்டில்ல, நான் ஒரு கட்டில்ல. படுத்துக்கிட்டே பேசிட்டு வந்தேன்" என்றாள் திரும்பி வந்து. எங்களைக் கூப்பிட்டுக் கொடுக்காமல் வண்டிகளைச் செய்து எங்கேயோ அடுக்கி வைத்திருப்பவர்கள் மீதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்கு ஆத்திரம் ஒரே ஆள் மீதுதான்.

கடைசியில் வண்டி வந்தது. முதல் பயணம் வத்தலக்குண்டுக்கு. இறக்கம் முழுக்க ஓர் இடத்திலும் நிற்கவில்லை. என் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மலைப்பாதையைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தாள். மறுநாள் ஞாயிறு. மாமியாரை முன் சீட்டில் தூக்கி உட்கார வைத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். கிளம்பும்போது அவர், "அடுத்து எப்பத்தா?" என்றார்.

"இனிமே மாசா மாசம் வருவேம்மா. நம்ம வண்டி இருக்குல்ல."

'நம்ம வண்டி' என்றாள். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். அவரும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தார். "முன்னால போங்க மாப்ளே, பின்னாலயே வர்றோம்" என்றார்.

ஏற்றம் பாதிகூட ஆகவில்லை. டம்டம் பாறைக்குப் பக்கத்தில் பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். அங்கே ஏற்கெனவே நான்கு வண்டிகள், ஞானஸ்நானத்துக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. நான்கும் சப்பை வண்டிகள்.

மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற ஆள் என்னிடம் வந்தான். "புது வண்டியா சார்? ஒரு மணி நேரம் கெடக்கட்டும். இங்கன நல்லாக் குடிச்சு ஆறிருச்சுன்னா, மேல அருவிகிட்டயெல்லாம் நிக்காது. விர்ருன்னு போயிரும்."

"குண்டு வண்டி இங்க நிக்காதா?"

"அதுக்கு இங்க என்ன சோலி? அது அருவியிலதான் நிக்கும். டூரிஸ்ட்டுக்காரங்க போட்டோப் புடிக்க எறங்குவாங்கள்ல. டிரைவரு சும்மா நிக்கிற நேரத்துல தண்ணிய ஊத்திக்கிருவான்."

போட்டோ பிடித்ததை நானும்தான் பார்த்தேன், மூன்று சனிக்கிழமையும். அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

ஐந்து வண்டிகளின் சூடும் சேர்ந்து நாறியது. என் மனைவி சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். "அஞ்சு வருசம்" என்றாள்.

அப்போதுதான் குண்டு வண்டி வந்து எங்கள் பக்கத்தில் மெதுவானது. மச்சான் தலையை நீட்டினார்.

"என்ன மாப்ளே, அருவி கீழ எறங்கி வந்துருச்சா?"

நான் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி கதவைத் திறந்து தன் பையை எடுத்தாள். அண்ணன் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி வளைவில் மறைந்த பிறகு, வழக்கம்போலத் தாமதமாக, எனக்குக் கோபம் சூடு பிடித்தது. குமாஸ்தாவை, கம்பெனியை, மச்சானைத் திட்டினேன். டயரை ஓங்கி உதைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கட்டைவிரல் பதினைந்து நாள் செருப்புக்குள் போகவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினேன். தண்ணீர்க்காரன் சொன்னபடியே வண்டி அருவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விர்ரென்று போனது. அங்கேதான் எனக்கு மறுபடியும் புத்தி கெட்டது. இதைப் போய்ச் சொல்லிவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும் என்று தோன்றியது.

வீட்டில் மச்சான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி முகம் கழுவி, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். நொண்டிக்கொண்டே போய் அவள் முன்னால் நின்றேன்.

"என்ன சொன்னாலும் நம்ம வண்டி அருவிகிட்ட நிக்கவே இல்ல, தெரியும்ல? அடுத்த மாசம் ஒங்கம்மாவப் பாக்க இதுலயே போயிட்டு வருவோம்."

"அண்ணன் வண்டியும் நிக்கல."