பாவுக்குழியில் வேப்பங்கன்று

எழுபதுகளில் ஒரு வருஷம் எங்கள் கல்லூரி புதுக் கூத்து ஒன்றைத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தெரு வாலிபர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு மரம், மண், தண்ணீர் பற்றிச் சொல்லித்தர வேண்டுமாம்; கையோடு கன்றும் நட வேண்டுமாம். "எந்தத் தெருவில் முதலில்?" என்று தாவரவியல் மேடம் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவாளர் தெருவைப் போல மொட்டை வெயில் காயும் தெரு வேறு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடம் பேசப் பேசப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மண்தான் கல்லாக இறுகிக் கிடந்தது. சங்கத்துப் பையன் ஒருவன், "ஏலே, இங்கிட்டு வாங்க, மண்ணு பொலபொலன்னு இருக்கு!" என்று கத்தினான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அங்கே பாய்ந்தது. இருட்டுவதற்குள் தெரு நெடுக வேப்பங்கன்றுகள், ஆட்டுக்குப் பயந்து ஒவ்வொன்றையும் சுற்றி முள். எனக்குப் பிடிபடாத சந்தோஷம்!

மண் ஏன் பொலபொலவென்று இருந்தது என்பது விடிந்ததும் தெரிந்தது. அவை பாவுக்குழிகள். தறியில் ஏற்றுமுன், கஞ்சி தோய்த்த நீளவாட்டு இழைகளான பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்ட, தினமும் கம்பு ஊன்றுகிற குழிகள். நட்டவர்களில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், ஒருவருக்கும் உறைக்கவில்லையே!

அன்று பாவு எங்கள் வீட்டுடையது. ஈர நூலைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் வந்து திகைத்து நின்றார்கள். உடனே இழுத்துக் கட்டி நீவாவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு அத்தனையும் பாழ். அம்மா எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "பிடுங்கி எறிங்கப்பா எல்லாத்தையும்!" என்று குனிந்தார்.

"கைய வைக்காதீக பெரியப்பா! கம்பு இல்லாட்டி என்ன? நாங்க இழுத்துப் பிடிக்கிறோம்!" என்று கத்தினேன்.

பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் பையை வீசிவிட்டு ஓடிவந்தார்கள். சங்கத்துப் பையன்கள் ஒரு முனை, நாங்கள் மறுமுனை. கன்றுகளுக்கு ஓரமாகப் பாவை விரித்து, அதன் முனைகளில் கட்டிய கயிற்றைத் தேர்வடம் பிடிப்பதுபோல் இழுத்து நின்றோம். "தொய்யுது, இழுங்கலே!" என்று அங்கிருந்து ஒரு சத்தம். எங்களைப் பார்க்க வந்த மேடமும் முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்துவிட்டார்! அப்பா பிரஷால் நீவிக்கொண்டே போனார். உள்ளங்கை காந்தியது, சிரிப்போ அடங்கவில்லை. ஓர் இழைகூட அறவில்லை.

காய்ந்த பாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, அப்பா கடப்பாரையோடு வெளியே வந்தார். கன்றுகளைப் பெயர்க்கத்தான் வருகிறார் என்று நான் குறுக்கே ஓடினேன். அவர் கன்றுகளைத் தாண்டிப் போய், இறுகிய மண்ணில் ஓங்கிக் குத்தினார்.

"என்னங்க செய்றீங்க?" என்றார் மேடம்.

"கம்புக்குப் புதுக்குழி போடுறேம்மா. தினமும் பிள்ளைகள நிறுத்திவைக்க முடியுமா? அதுக படிக்கப் போக வேணாமா?"

பெரியப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே, கூடக் குழி தோண்ட மண்வெட்டி எடுக்க வீட்டுக்குள் போனார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.