வகிடும் ஒரு வேண்டுதலும்

முடிதானே என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அப்போதெல்லாம் முடி கொட்டி அகன்ற வகிட்டைக் கண்மையால் கறுப்பாக்கிக்கொண்டுதான் தினமும் கிளம்புவேன். குனிந்தால் உச்சந்தலை தெரிந்துவிடும் என்று, பிள்ளைகளின் நோட்டுகளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருத்துவேன்.

சேலத்துத் தோல் டாக்டர், இது பரம்பரையாக வருவது, பெண்களுக்கு வகிட்டிலிருந்து விரியும் என்றார். என் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரைப் பிரித்து, மண்டையில் ஊசியாகப் போடுவாராம். பி.ஆர்.பி. என்று பெயர். "எல்லாருக்கும் பலன் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். மருந்தும் விடாம தடவணும்" என்றார். அப்படி உடைத்துச் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

துணைக்கு வந்தவர் என் மாமியார். கோழிப்பண்ணை நடத்துகிறவர், கோழிகளிடம் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் பழகியவர். குழாயில் மஞ்சளாகப் பிரிந்து நின்றதைப் பார்த்ததும், "எங்க கோழி ரத்தமும் இப்படித்தானுங்க தெளியும்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி இறங்க இறங்க உயிர் போய் உயிர் வந்தது. அத்தை என் கையை விடவே இல்லை. ஒவ்வொரு முறையும் பண்ணை வேலையைப் போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

சில மாதங்களில் வகிட்டோரம் பூனைமுடி எழும்பியது. பிறகு அது தடித்தது. கண்மையை மறுபடி கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் அத்தை குண்டைத் தூக்கிப் போட்டார்.

"முடி வந்துட்டா உனக்கு மொட்டை போடறேன்னு குலசாமிக்கு வேண்டியிருந்தேன், கண்ணு."

முடி வளர வேண்டும் என்று அந்த முடியையே நேர்ந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்!

"ஏனுங்க அத்தை, அதுக்கு நான் வழுக்கையாவே இருந்திருப்பனே!" என்று கத்திவிட்டேன். மழித்தாலும் வேர் உள்ளேதான் இருக்கும், திரும்ப வளரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வெறுந்தலையை மறுபடி கண்ணாடியில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நேர்ந்ததைச் செலுத்தாமல் விடவும் பயம். அத்தை கோயிலுக்குப் போக நாள் பார்த்துவிட்டார்.

கோயிலில் முடி எடுப்பவர் பலகை போட்டு, தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தார். நான் கொண்டையை அவிழ்க்கக் கையைத் தூக்கினேன். அதற்குள் அத்தை பலகையில் உட்கார்ந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவருக்கு. விசேஷ வீடுகளில் பெண்கள் தொட்டுப் பார்ப்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அத்தை, வேண்டுதல் என் தலைக்குத்தானுங்க?"

"வாயை உட்டது நானு. சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ கம்முனு இரு, கண்ணு."

முடி எடுப்பவர் என்னைப் பார்த்தார். "போடுங்க" என்று அத்தை தலையைக் குனிந்துகொடுத்தார்.

மழித்த தலையில் சந்தனத்தை நான்தான் பூசினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"எதுக்கு அழுவற? எனக்கு டாக்டர் இல்லாமயே மொளைக்கும்" என்று சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமியாருக்கு முத்தம் கொடுப்பதில்லை. நான் அந்தச் சந்தனத் தலையில் கொடுத்தேன்.