பச்சை முகம்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கருப்பம்மா கட்டிய புது வீட்டுக்குச் சாமி படம் வருவதற்கு முன்பே அவளுடைய படம் வந்துவிட்டது. அரை ஆள் உயர ஓவியம். துணி மடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியும் மூக்கும் அவள் நிறம்தான். இடது கன்னம் மட்டும் இலைப்பச்சை.

வரைந்தவர் எலேனி மேடம். புருஷன் இறந்தபின் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு சைப்பிரசுக்குப் போன கருப்பம்மா, பதினொரு வருஷம் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைத்த ஓவியர். படத்தைக் காட்டியதும் கருப்பம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பராமரிப்பு வகுப்பில் அவள் படித்ததே தோல் நிறம் பார்க்கத்தான். உதடு நீலமானால் மூச்சுக் கோளாறு. கண் மஞ்சளானால் ஈரல். பச்சைக்கு என்ன நோய்?

"நான் கறுப்புதான் மேடம். இன்னும் அழுகிப்போகல."

மேடம் சிரித்தார்.

மறுநாள் முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் மேடத்துக்கு முகம் துடைத்தாள். அந்த வெள்ளைக் கன்னம் பச்சையாக இருந்தது. பதறி நாடி பிடித்தாள். நாடி சரி. சக்கர நாற்காலியை வெயிலுக்குத் தள்ளினாள், பச்சை போனது. நிழலுக்கு இழுத்தாள், வந்தது. மேடம் நாற்காலியோடு போய்வந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு தூசி தட்டும் சாக்கில் அந்த வீட்டுப் படம் ஒவ்வொன்றின் முன்னும் கருப்பம்மா நின்றாள். ஊதா மலை, சிவப்புக் கடல். பொய் என்று தள்ளியதையெல்லாம் எந்நேரத்து வெளிச்சம் என்று கேட்டுப் பார்த்தாள். சிலது பிடிபட்டது. சிலது கடைசிவரை பிடிபடவில்லை.

இங்கே, புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில் அண்ணன் நல்லையா படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உசிரோட இருக்கறவ படத்த இம்புட்டுப் பெருசா மாட்டுவாங்களா? மால ஒண்ணுதான் கொறச்சல். அதுலயும் பேய் மாதிரி பச்ச மொகம்."

"அது எல வழியா விழுந்த வெளிச்சம்ணே."

"எனக்கு வெளிச்சம் தெரியாதா? கழட்டு. கழட்டுனாத்தான் அடுப்பப் பத்த வைப்பேன்."

தாலி அறுத்தவள் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்தத் தைரியத்தில் அவர் வெளியே போய்க் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"நான் பத்த வைக்கட்டுமாம்மா?" என்றாள் மகள் விஜயலெட்சுமி.

"வேணாம். நான் மூத்திரச் சட்டி கழுவிக் கட்டுன வீடு. தீப்பெட்டிய எடு."

மூட்டினாள். பால் பொங்கி வழிந்தது. குலவை போடலாமா கூடாதா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்காக அவள் காத்திருக்கவில்லை. முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். வழுக்கை, நரைத்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை எல்லாமே பச்சை.

"அண்ணே, சட்டையக் குனிஞ்சு பாருங்க."

நல்லையா குனிந்தார். தோளில் படிந்திருந்த பச்சையைக் கையால் தட்டிவிட்டார். போகவில்லை. மறுபடியும் தட்டினார்.

"மொகமும் அப்பிடித்தான் இருக்கு. பேயின்னு நான் சொன்னேனா? உள்ள வாங்க, பால் ஆறுது. படம் அங்கயேதான் இருக்கும்."